செக் என்ஜின் விளக்கு எரிகிறதா? ஆக்சிஜன் சென்சாரை மாற்றும் முன் சைலன்சர் பைப்பைப் பாருங்கள்

தக்காளியோ வெண்டையோ பறித்து, விடிவதற்குள் மார்க்கெட்டில் இறக்கியாக வேண்டிய நேரத்தில்தான் பழைய வண்டி மக்கர் செய்யும். டேஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது. ஏற்றத்தில் இழுவை இல்லை. பெட்ரோல் வாடை வருகிறது. வழக்கமாக வரும் மைலேஜும் குறைந்துவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்ததும், "ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு, மாத்தணும்" என்ற பதில் வருகிறது. சில ஆயிரம் ரூபாய் செலவு செய்து மாற்றுகிறோம். பத்து நாளில் அதே விளக்கு மீண்டும் எரிகிறது.

பல நேரங்களில் அந்த சென்சாரில் குறையே இருக்காது. சைலன்சர் பைப்பில் ஓர் ஓட்டை, தேய்ந்த ஸ்பார்க் பிளக், எலி கடித்த ஒயர் என்று வேறு ஏதோ ஒன்று கெட்டிருக்கும். அதைத்தான் சென்சார் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கும். சொன்ன சென்சாரைக் கழற்றி எறிந்துவிட்டு, கெட்ட இடத்தை அப்படியே விட்டுவிடுகிறோம். காசு செலவில்லாத சோதனையில் தொடங்கி, காரணத்தை எப்படி வரிசையாகத் தேடுவது என்று பார்ப்போம்.

உங்கள் வண்டியில் இந்த சென்சார் உண்டா?

இது முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது. பெட்ரோலில் ஓடும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளிலும், பெட்ரோல் - சி.என்.ஜி. இரண்டிலும் ஓடும் வண்டிகளிலும் ஆக்சிஜன் சென்சார் இருக்கும். மாருதி சூப்பர் கேரி, டாடா ஏஸ் கோல்டு ஆகியவற்றின் பெட்ரோல் மாடல்கள் இந்த வகை. 2005-இல் வந்த டாடா ஏஸ், நாம் 'குட்டி யானை' என்று சொல்லும் வண்டி, இரண்டு சிலிண்டர் டீசல் என்ஜின் கொண்டது. அதில் இந்த சென்சார் கிடையாது. பழைய டீசல் பிக்கப் வண்டிகள் பெரும்பாலும் அப்படித்தான். அவற்றில் புகை வந்தால் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். அதைக் கட்டுரையின் பிற்பகுதியில் பார்க்கலாம்.

சென்சார் என்ன வேலை செய்கிறது?

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று கூடினாலும் குறைந்தாலும் கோளாறுதான். என்ஜினிலிருந்து வெளியேறும் புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று இந்த சென்சார் அளக்கிறது. ஆக்சிஜன் அதிகம் இருந்தால், "பெட்ரோல் குறைவு" என்று என்ஜின் கம்ப்யூட்டர் முடிவு செய்து கூடுதலாக பெட்ரோலைத் தெளிக்கும். ஆக்சிஜன் குறைவாக இருந்தால் பெட்ரோலைக் குறைக்கும். ஒவ்வொரு நொடியும் இந்த வேலை நடந்துகொண்டே இருக்கிறது.

பெரும்பாலான வண்டிகளில் இரண்டு சென்சார்கள் இருக்கும். முதலாவது, என்ஜினை ஒட்டிய பைப்பில், கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும். பெட்ரோல் அளவை முடிவு செய்வது இதுதான். இரண்டாவது, கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும். கன்வெர்ட்டர் ஒழுங்காகப் புகையைச் சுத்தம் செய்கிறதா என்று கண்காணிப்பது இதன் முக்கிய வேலை. எந்த சென்சாரைப் பற்றி ஸ்கேனர் சொல்கிறது என்று மெக்கானிக்கிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை மாற்றிவிடுவதும் நடக்கிறது.

சைலன்சர் ஓட்டை சென்சாரை ஏமாற்றுவது எப்படி?

"பைப்பில் ஓட்டை இருந்தால் புகை வெளியேதானே போகும், காற்று எப்படி உள்ளே வரும்?" என்று கேட்கலாம். என்ஜினிலிருந்து புகை தொடர்ந்து ஒரே சீராக வருவதில்லை. விட்டு விட்டு, துடிப்பு துடிப்பாக வருகிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் பைப்புக்குள் அழுத்தம் குறையும். அந்த நேரத்தில் ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். முதல் சென்சாருக்கு முன்னால் இந்த ஓட்டை இருந்தால், அந்தக் காற்றில் உள்ள ஆக்சிஜனையும் சென்சார் சேர்த்து அளந்துவிடும். கம்ப்யூட்டர் தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டும். மைலேஜ் குறையும், பிளக்கில் கரி படியும், சைலன்சர் வாயில் கருப்புத் தூள் சேரும்.

ஸ்பார்க் பிளக் சரியாக வேலை செய்யாமல் ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டாலும் இதே கதைதான். அந்த சிலிண்டரின் காற்று அப்படியே வெளியே வரும். சென்சார், "ஆக்சிஜன் அதிகம்" என்றே சொல்லும். எரியாத பெட்ரோலோ கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதன் உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பகுதியை உருக்கிவிடும். பிளக்குக்குச் செய்ய வேண்டிய சிறு செலவைத் தள்ளிப் போட்டால், பெரிய செலவு அங்கிருந்துதான் வரும்.

மைலேஜ் குறைவை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடிய வண்டி 12 மட்டுமே ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 1,200 கிலோமீட்டர் ஓட்டினால், 75 லிட்டர் போட்ட இடத்தில் 100 லிட்டர் போட வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று கணக்கிட்டாலே மாதம் 2,500 ரூபாய் வீண். இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். அதனால் மைலேஜ் சிறிது குறைவது இயல்பு. ஆனால் நான்கில் ஒரு பங்கு குறைந்தால் அதற்கு எத்தனாலைக் காரணம் சொல்ல முடியாது. வண்டியில் கோளாறு இருக்கிறது.

சோதனைக்கு முன் கவனிக்க வேண்டியவை

வண்டியைத் திறந்தவெளியில், சமமான தரையில் நிறுத்துங்கள். கொட்டகைக்குள் கதவை மூடிக்கொண்டு என்ஜினை ஓட விடவே கூடாது. ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். சைலன்சர், கன்வெர்ட்டர் பகுதிகளை என்ஜின் நன்றாக ஆறிய பிறகே தொட வேண்டும். வேட்டி, துண்டு ஆகியவை ஃபேன் பெல்ட்டில் சிக்காதபடி இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள்.

நீங்களே செய்யக்கூடிய சோதனைகள்

1. ஏர் ஃபில்டர்: வயல் வரப்பு, மண் சாலை என்று ஓடும் வண்டியில் ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடைத்திருந்தால் மாற்றுங்கள். ஃபில்டரிலிருந்து என்ஜினுக்குப் போகும் ரப்பர் பைப்பை வளைத்துப் பார்த்து வெடிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். அங்கிருந்து பிரியும் சிறிய வேக்குவம் ஹோஸ்களையும் பாருங்கள். பழைய ரப்பர் இறுகி, முனையில் கீறியிருக்கும். அந்தக் கீறல் வழியாக நுழையும் காற்றும் சென்சாரைக் குழப்பும்.

2. ஸ்பார்க் பிளக்: கழற்றி முனையைப் பாருங்கள். இளம் பழுப்பு நிறம் நல்லது. காய்ந்த கருப்புக் கரி இருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் என்ஜின் ஆயில் உள்ளே இறங்குகிறது. எல்லா பிளக்கும் ஒரே மாதிரி இருக்கிறதா, ஒன்று மட்டும் வித்தியாசமாக இருக்கிறதா என்பது முக்கியம். ஒன்று மட்டும் கெட்டிருந்தால் அந்த சிலிண்டரின் பிளக், காயில், இன்ஜெக்டர் ஆகியவற்றில்தான் கோளாறு தேட வேண்டும்.

3. காதால் கேட்பது: காலையில் முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது பானெட் அல்லது சீட்டுக்கு அடியில் உள்ள மூடியைத் திறந்து வையுங்கள். "டிக் டிக்" அல்லது "புஸ் புஸ்" என்று சத்தம் வந்து, என்ஜின் சூடானதும் அது குறைந்தால், மேனிஃபோல்டு கேஸ்கெட்டிலோ வெடிப்பிலோ லீக் இருக்கலாம். இரும்பு சூடாகி விரியும்போது இடைவெளி அடைபடுவதால் சத்தம் குறைகிறது.

4. கண்ணால் பார்ப்பது: பைப் இணைப்புகள், போல்ட் போட்ட ஃபிளேஞ்சுகள், வெல்டிங் இடங்கள், மேனிஃபோல்டு ஓரங்கள் ஆகியவற்றில் கருப்பு அல்லது சாம்பல் நிறக் கோடு இருக்கிறதா? புகை கசியும் இடத்தில் அப்படிக் கறை படியும். தொட்டால் பொரிப்பொரியாக உதிரும் துரு இருந்தால் அங்கே விரைவில் ஓட்டை விழும். உரம் ஏற்றும் வண்டிகளிலும் கடலோரத்தில் ஓடும் வண்டிகளிலும் துரு சீக்கிரம் பிடிக்கும். உரம் இறக்கிய அன்றே வண்டியின் அடிப்பகுதியைத் தண்ணீர் விட்டுக் கழுவுவது நல்லது.

5. சோப்புத் தண்ணீர்: என்ஜின் முழுவதும் ஆறியிருக்கும்போது இணைப்புகளின் மேல் சோப்புத் தண்ணீரைத் தெளித்து, ஸ்டார்ட் செய்த உடனே கவனியுங்கள். கசியும் இடத்தில் நுரை குமிழியிடும். பைப் சூடாவதற்குள் பார்த்துவிட வேண்டும். பூச்சிமருந்து, களைக்கொல்லி அடித்த தெளிப்பானை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். சூட்டில் எழும் ஆவி மூக்கில் ஏறும். சாதாரண பாட்டில் ஸ்ப்ரே போதும்.

6. ஒயரும் ஃபியூஸும்: சென்சாரிலிருந்து வரும் ஒயர் சைலன்சர் பைப்பில் உரசி உருகியிருக்கிறதா? எலி கடித்திருக்கிறதா? கனெக்டருக்குள் சேறு, பச்சை நிறப் பாசம் இருக்கிறதா? சென்சார் சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் சரியாக அளக்கும். அதைச் சீக்கிரம் சூடாக்க உள்ளேயே ஒரு சிறிய ஹீட்டர் இருக்கிறது. அந்த ஹீட்டருக்கான ஃபியூஸ் போனால்கூட என்ஜின் விளக்கு எரியும். வண்டியுடன் வந்த கையேட்டைப் பார்த்து ஃபியூஸைச் சோதியுங்கள். சில ரூபாயில் முடியும் வேலை இது.

7. சி.என்.ஜி. வண்டியா? பெட்ரோலில் ஒரு நாள், கேஸில் ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். ஒன்றில் மட்டும் கோளாறு வருகிறது, மற்றதில் நன்றாக ஓடுகிறது என்றால் சென்சார்மேல் சந்தேகம் குறையும். சென்சாரும் சைலன்சரும் இரண்டுக்கும் பொது. அந்த எரிபொருளுக்கான இன்ஜெக்டர், பம்ப், ஃபில்டர், ரெகுலேட்டர் ஆகியவற்றை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். கேஸ் லைனில் நீங்களாகக் கை வைக்காதீர்கள்.

ஸ்கேனர் காட்டும் எண்களின் பொருள்

ஸ்கேனரில் ஆங்கில 'பி' எழுத்தும் நான்கு இலக்கங்களும் வரும். அதை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதாமல் அழித்துவிட்டால் அடுத்த முறை ஒப்பிட முடியாது. அடிக்கடி வருபவை இவை:

பி 0171: கலவையில் பெட்ரோல் குறைவு. காற்றுக் கசிவு, சைலன்சர் கசிவு, பெட்ரோல் பம்ப் பலவீனம், ஃபில்டர் அடைப்பு ஆகியவற்றைப் பாருங்கள்.

பி 0172: பெட்ரோல் அதிகம். ஏர் ஃபில்டர் அடைப்பு, ஒழுகும் இன்ஜெக்டர், பெட்ரோல் அழுத்தம் கூடுதல்.

பி 0133: முதல் சென்சார் மெதுவாக வேலை செய்கிறது. சென்சார் வயதாகியிருக்கலாம். ஆனால் சைலன்சர் கசிவாலும் இது வரும்.

பி 0135: முதல் சென்சாரின் ஹீட்டர். ஃபியூஸ், ஒயர், பிறகு சென்சார் என்ற வரிசையில் பாருங்கள்.

பி 0141: இரண்டாவது சென்சாரின் ஹீட்டர். வரிசை அதேதான்.

பி 0300: சிலிண்டர்கள் எரியாமல் விடுகின்றன. இதை முதலில் சரிசெய்யாமல் வேறு எதையும் மாற்றாதீர்கள்.

பி 0420: கன்வெர்ட்டர் சரியாகச் சுத்தம் செய்யவில்லை. இரண்டாவது சென்சாருக்கு அருகே கசிவு இருந்தாலும் இந்த எண் வரலாம்.

இந்த எண்கள் கோளாறு எந்தப் பக்கம் என்றுதான் சொல்கின்றன. எந்தப் பொருளை மாற்ற வேண்டும் என்று சொல்வதில்லை.

சென்சார் உண்மையிலேயே கெட்டதா என்று பார்ப்பது

இதற்கு ஸ்கேனரில் 'லைவ் டேட்டா' பார்க்க வேண்டும். மெக்கானிக்கிடம் கேட்டால் காட்டுவார். பழைய வண்டிகளில் உள்ள வழக்கமான சென்சார் சுமார் 0.1 வோல்ட்டிலிருந்து 0.9 வோல்ட் வரை காட்டும். 0.1 பக்கம் என்றால் பெட்ரோல் குறைவு. 0.9 பக்கம் என்றால் பெட்ரோல் அதிகம். என்ஜின் நன்றாகச் சூடான பிறகு, முதல் சென்சாரின் அளவு மேலும் கீழும் விடாமல் ஏறி இறங்க வேண்டும். இரண்டாவது சென்சார் அதிகம் அசையாமல் ஓரளவு நிலையாக இருக்க வேண்டும். இரண்டாவதும் முதலாவதைப் போலவே ஆடினால் கன்வெர்ட்டர் பலவீனமாகிவிட்டது என்று பொருள்.

ஆக்சிலேட்டரைச் சட்டென்று மிதிக்கும்போது முதல் சென்சார் 0.8-க்கு மேல் போக வேண்டும். காலை எடுத்ததும் பூஜ்யத்துக்கு அருகே இறங்க வேண்டும். இரண்டும் உடனே நடந்தால் சென்சார் நல்ல நிலையில் இருக்கிறது. அதை மாற்றுவது வீண் செலவு. எதைச் செய்தாலும் ஒரே இடத்தில் நின்றால், ஒயரையும் ஹீட்டரையும் சோதித்த பிறகு சென்சாரை மாற்றலாம்.

'ஃபியூயல் டிரிம்' என்ற எண்ணையும் கேளுங்கள். கம்ப்யூட்டர் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்று அது காட்டும். கூட்டல் 10 முதல் கழித்தல் 10 வரை இருந்தால் பெரிதாகக் கவலை இல்லை. வண்டி நின்று ஓடும்போது கூட்டல் 20 என்று காட்டி, வேகத்தைக் கூட்டினால் குறைந்தால், எங்கோ காற்று புகுகிறது. பாரம் ஏற்றி ஓடும்போது கூடினால், பெட்ரோல் போதுமான அளவு வந்து சேரவில்லை.

கன்வெர்ட்டர் அடைத்துவிட்டால்

காலியாக ஓடும்போது சுமாராக இருக்கும். பாரம் ஏற்றினால் மூன்றாவது கியருக்கு மேல் போகாது. கன்வெர்ட்டர் பக்கம் சூடு அதிகம் தெரியும். என்ஜின் ஆறியபின் ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால், உள்ளே உடைந்த துண்டுகள் "கலகல" என்று ஆடும். முதல் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்ப்பது சரியான சோதனை. என்ஜின் 2,500 ஆர்.பி.எம். ஓடும்போது அழுத்தம் பொதுவாக 3 பி.எஸ்.ஐ.க்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் அடைப்பு.

"கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு வெறும் பைப் போட்டுவிடலாம், இழுவை நன்றாக இருக்கும்" என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். புகைச் சோதனையில் வண்டி தேறாது, என்ஜின் விளக்கும் அணையாது. அந்தக் கன்வெர்ட்டருக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள் இருக்கின்றன. கழற்றிய பழையதை வாங்குவதற்கு ஆள் இருப்பதற்குக் காரணம் அதுதான். அடைப்பு ஏன் வந்தது என்று பார்க்காமல் புதியதைப் போட்டாலும் அதுவும் கெடும். பிளக், இன்ஜெக்டர், ஆயில் இறங்குவது ஆகியவற்றை முதலில் சரிசெய்யுங்கள்.

சென்சார் மாற்றும்போதும் வெல்டிங் வைக்கும்போதும்

சென்சாரின் பார்ட் நம்பரைப் பார்த்து அதே வகையை வாங்குங்கள். பில் கேளுங்கள். பெரும்பாலான சென்சார்களைக் கழற்ற 22 மி.மீ. ஸ்பேனர் வேண்டும். துருப்பிடித்திருந்தால் துரு நீக்கும் ஆயிலை விட்டு ஊற வைத்து, பைப் இளஞ்சூட்டில் இருக்கும்போது கழற்றினால் மரை உரியாமல் வரும். புதியதை மாட்டும்போது முனையில் கிரீஸ், ஆயில் எதுவும் படக் கூடாது. கீழே விழுந்த சென்சாரைப் போடாதீர்கள். உள்ளே இருக்கும் பீங்கான் உடைந்திருக்கும்.

கேஸ்கெட் மாற்றும்போது சாதாரண சிலிக்கான் பேஸ்ட்டைத் தடவக் கூடாது. சூட்டில் அதிலிருந்து வரும் ஆவி சென்சாரின் முனையில் படிந்து அதைச் செயலிழக்கச் செய்யும். 'சென்சாருக்குப் பாதுகாப்பானது' என்று குறிப்பிட்ட வகையை மட்டும் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

சைலன்சரில் வெல்டிங் வைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். சென்சாரையும் கழற்றி வையுங்கள். இல்லாவிட்டால் வெல்டிங் மின்சாரம் என்ஜின் கம்ப்யூட்டரைக் கெடுத்துவிடலாம். பெட்ரோல் டேங்க், பெட்ரோல் பைப் அருகே வெல்டிங் வேண்டாம். பைப்பைக் கழற்றி வெளியே எடுத்து வைப்பதே பாதுகாப்பு. சைலன்சரைத் தாங்கும் ரப்பர் அறுந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். அறுந்த ரப்பரோடு ஓடினால் ஆட்டத்தில் வெல்டிங் மறுபடியும் விடும்.

டீசல் வண்டியில் புகை வந்தால்

பழைய டீசல் வண்டியில் புகையின் நிறமே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடும்.

கரும்புகை: காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம். ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸ் வெடிப்பு, இன்ஜெக்டர், பம்ப் செட்டிங் ஆகியவற்றைப் பாருங்கள். அளவுக்கு மேல் பாரம் ஏற்றினாலும் கரும்புகை வரும்.

நீலப்புகை: என்ஜின் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங், வால்வு சீல், டர்போ சீல் தேய்ந்திருக்கலாம். ஆயில் அளவு குறைகிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள்.

வெண்புகை: குளிர்ந்த காலையில் சிறிது நேரம் வருவது இயல்பு. சூடான பிறகும் நிற்கவில்லை என்றால் இன்ஜெக்டரையோ டைமிங்கையோ பார்க்க வேண்டும். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அந்த நிலையில் வண்டியை ஓட்டாதீர்கள்.

2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ். 6 டீசல் வண்டிகள் சிலவற்றில் யூரியா கரைசல் ஊற்றும் தனி டேங்க் இருக்கும். அதில் 32.5 சதவீதம் யூரியா உள்ள, அதற்கென்றே சுத்திகரித்த கரைசலை மட்டும்தான் ஊற்ற வேண்டும். வயலுக்கு வாங்கிய வேப்பெண்ணெய் பூசிய யூரியாவைக் கரைத்து ஊற்றினால், சைலன்சர் பகுதியில் உள்ள விலை உயர்ந்த பாகங்கள் அனைத்தும் அடைத்துவிடும். மானிய யூரியாவை அப்படிப் பயன்படுத்துவது சட்டப்படியும் குற்றம்.

உயிருக்கு ஆபத்தாகும் இரண்டு விஷயங்கள்

முதலாவது, கார்பன் மோனாக்சைடு. இதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. சீட்டுக்கு அடியிலோ கேபினுக்குப் பின்னாலோ பைப் ஓட்டையாக இருந்தால், கியர் லிவர் பூட், தரையில் உள்ள துளைகள் வழியாக உள்ளே வரும். வண்டி ஓட்டும்போது தலைவலி, குமட்டல், தலைசுற்றல், காரணமில்லாத தூக்கக் கலக்கம் வந்து, இறங்கிக் காற்று வாங்கினால் சரியாகிறது என்றால் அதைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். உடனே வண்டியை நிறுத்தி எல்லோரும் இறங்குங்கள். யாராவது மயங்கினால் திறந்தவெளிக்குத் தூக்கி வந்து 108-ஐ அழையுங்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டு, என்ஜினை ஓடவிட்டபடி மார்க்கெட் வாசலில் தூங்குவதைத் தவிருங்கள். பின்னால் தார்ப்பாய் மூடிய பாடிக்குள் ஆட்களை ஏற்றவே ஏற்றாதீர்கள். அது சட்டப்படி தவறு, புகையும் உள்ளே சேரும்.

இரண்டாவது, தீ. ஓடும் வண்டியின் கன்வெர்ட்டர் பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும். சிலிண்டர் எரியாமல் விடும் வண்டியில் இரும்பு சிவக்கும் அளவுக்குக்கூட ஏறும். காய்ந்த புல், கரும்புச் சோகை, வைக்கோல் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். சாலையில் கொள்ளு, உளுந்து, கேழ்வரகுத் தாள்களைப் போரடிக்கப் பரப்பியிருந்தால், அதன்மேல் ஓட்டிய பிறகு இறங்கி அடியில் பாருங்கள். தாள் சுற்றிக்கொண்டு சூடான பைப்பில் பட்டுத் தீப்பிடிக்கும். வைக்கோல் ஏற்றும்போது சைலன்சர் பக்கம் தொங்கவிடாமல் கட்டுங்கள்.

சான்றிதழ் விஷயம்

பி.எஸ். 4 மற்றும் அதற்குப் பின் வந்த வண்டிகளுக்குப் புகைச் சான்றிதழ் ஓராண்டும், அதற்கு முந்தைய வண்டிகளுக்கு ஆறு மாதமும் செல்லும். புகை விதியை மீறினால் மோட்டார் வாகனச் சட்டப்படி 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டியை ஆண்டுதோறும் எஃப்.சி.க்குக் காட்ட வேண்டும். கடைசி வாரத்தில் அவசரமாக எதையாவது மாற்றுவதைவிட, இரண்டு மாதம் முன்பே மேலே சொன்ன சோதனைகளைச் செய்துவிட்டால் செலவு பாதியாகும்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது

ஒரு சிறிய நோட்டில் இவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: விளக்கு எப்போது எரிந்தது, காலி வண்டியிலா பாரத்திலா, மைலேஜ் எவ்வளவு இருந்து எவ்வளவு ஆனது, கடைசியாக என்ன மாற்றினீர்கள். டேங்கை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்து, மறுபடி நிரப்பும்போது கணக்கிட்டால்தான் மைலேஜ் சரியாகத் தெரியும்.

மெக்கானிக்கிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். கோடு நம்பர் என்ன? சென்சாருக்கு முன்னால் சைலன்சர் கசிவு இருக்கிறதா என்று பார்த்தீர்களா? லைவ் டேட்டாவில் சென்சார் ஏறி இறங்குகிறதா? நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். மாற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். கோடை அழித்த பிறகு, பாரத்தோடு இரண்டு மூன்று நாள் ஓட்டி, மறுபடி ஸ்கேன் செய்து பாருங்கள். விளக்கு எரியாமல், மைலேஜும் பழைய அளவுக்குத் திரும்பினால்தான் கோளாறு தீர்ந்தது என்று அர்த்தம்.

என்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் பாரத்தைக் குறைத்து மெதுவாக ஒர்க்‌ஷாப் வரை ஓட்டிச் செல்லலாம். விட்டு விட்டு மின்னினால் சிலிண்டர் எரியாமல் விடுகிறது என்று பொருள். அப்போது வண்டியை ஓரமாக நிறுத்தி, சரக்கை வேறு வண்டியில் மாற்றிவிடுவதே லாபம். ஒரு நடை வாடகை போனாலும் கன்வெர்ட்டர் தப்பிக்கும்.